காற்றாடி நின்ற பிறகு

நான் பேசுவது காதில் விழவில்லை என்று மனநல ஆலோசகர் எழுந்துபோய், மேலே சுற்றிக்கொண்டிருந்த காற்றாடியை நிறுத்தினார். கூலாய் நகரில் கடைவரிசை மாடியிலுள்ள சிறிய அறை அது. இறக்கைகள் ஓய ஓய, என் தோள்கள் தாமாகக் காதுவரை ஏறின.

சிறுவயதில், பாலோ ஊரிலிருந்த எங்கள் வீட்டில் பொழுது சாய்ந்ததும் அம்மா இப்படித்தான் காற்றாடியை நிறுத்துவார். செம்பனை எண்ணெய் ஆலையிலிருந்து திரும்பும் அப்பாவின் மோட்டார் சைக்கிள் சத்தம் முன்கூட்டியே கேட்கவேண்டும். வேர்வை வழிய, தம்பியும் நானும் மூச்சடக்கி உட்கார்ந்திருப்போம். வாசலில் மோட்டார் ஸ்டாண்டு ஒரே உதையில் விழுந்தால் அன்று சோறு. குடித்த கால் அதைத் தேடித் தடுமாறினால் அடி.

"அப்பா என்ன கேட்டாலும் சிரிச்ச மூஞ்சியா நல்லாருக்கேன்னு சொல்லுங்க," என்பார் அம்மா.

அப்பா இறந்து வெகுகாலமாகிவிட்டது.

"மூச்ச மெதுவா விடுங்க. இப்ப உடம்புல எங்க இறுக்கமா இருக்கு?" என்றார் ஆலோசகர். பல மாதங்களாகப் பொறுமையாக இதையேதான் கேட்கிறார். இன்றாவது தோளைத் தொட்டுக் காட்டிவிட நினைத்தேன். கை எழவில்லை.

"எங்கயும் இல்ல மிஸ். நல்லாருக்கேன்," என்று சிரித்தேன்.

அவர் முகம் மலர்ந்தது. இன்றைக்கு அடி இல்லை.