அம்மா சொன்னதும் நான் சொன்னதும்

அம்மா மன்னித்தார். மன்னிக்கவில்லை என்று நான் ஆங்கிலத்தில் சொன்னேன். இதுதான் என் குற்றம்.

உங்களுக்கு என்னை வேறு விதமாகத் தெரிந்திருக்கும். கனடாவில், மொன்றியல் நகரில், எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோவில் மண்டபத்தில், மரண தண்டனைக்கு எதிராகப் பேசுகிறவன் நான். கொலைக்குத் தூக்கு என்பதைப் பிரித்தானியா அறுபதுகளிலேயே சட்டத்திலிருந்து நீக்கிய கதையை எத்தனை முறை சொல்லியிருப்பேன்! தூக்கிலிட்டபின் அவன் அப்பாவி என்று தெரிந்தால் எந்த நீதிமன்றம் அவனை எழுப்பும் என்று கேட்பேன். நீங்கள் கைதட்டுவீர்கள். எனக்கோ எரிச்சல் தலைக்கேறும்.

ஏனென்றால், லண்டனில் என் தங்கை ரெஜினாவை அவள் கணவனே கொன்றான். அவன் அப்பாவியல்ல, தானே ஒப்புக்கொண்டவன். தூக்கு இல்லாத நாடு அவனுக்கு ஆயுள் சிறை கொடுத்தது. ஆயுள் என்றால் ஆயுள் என்றே நம்பியிருந்தேன்... மடையன்.

பல ஆண்டுகள் கழிந்து, இரண்டாயிரத்துக்குப் பிறகு, மொன்றியலின் லாசால் பகுதியில் எங்கள் வீட்டுத் தொலைபேசி அடித்தது. அவனை விடுவிக்க யோசிக்கிறார்களாம். தாயின் கருத்து வேண்டுமாம். லண்டனிலிருந்து பேசியவர் ஓர் அதிகாரி; கனிவான பெண்.

அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. நான்தான் தமிழில் அவரிடம் கேட்டேன். வெங்காயம் அரிந்துகொண்டிருந்தவர் கத்தியைக் கீழே வைத்தார்.

“விடச் சொல்லு தம்பி. அவனை அடைச்சு வைச்சா பிள்ளை திரும்பி வருவாளோ?”

“யோசிச்சுத்தான் சொல்லுறீங்களோ அம்மா?”

“ஓம். இவ்வளவு காலமும் அதைத்தானே யோசிச்சனான்.”

நான் தொலைபேசியை எடுத்து, அவன் ஒருபோதும் வெளியே வரக் கூடாது என்று அம்மா சொல்வதாகச் சொன்னேன். குரல்கூட நடுங்கவில்லை.

அவனை விடவில்லை. என் பொய்தான் காரணமா? வேறு காரணங்களும் இருந்திருக்கலாம். தெரியாது.

“நான் சொன்னதைச் சரியாச் சொன்னனீயோ?” என்று அம்மா ஒருநாள் கேட்டார்.

“ஓம் அம்மா. சொல்லியும் விடேல்லை. அவையின்ர சட்டம் அப்பிடி.”

மேடையில் புகழும் அதே சட்டத்தின் மேல் பழியைப் போட்டேன்! அம்மா பிறகு கேட்கவில்லை. போன மாரியில் இறந்துபோனார்.

என்ன மனிதன் நான்? தூக்குக் கயிறு வேண்டாம் என்று இன்றும் உண்மையாகவே நம்புகிறேன். அவன் சிறையிலேயே சாகட்டும் என்றும் விரும்புகிறேன். இரண்டும் ஒரே நெஞ்சில்... எப்படி?

இப்போதாவது உண்மையைச் சொல்லலாமே என்பீர்கள். அந்த அதிகாரியின் எண் என்னிடம் இருக்கிறது. பலமுறை அழைக்க எடுத்து, வைத்துவிட்டேன். அம்மாவின் சொல்லை இன்னும் நான்தான் அடைத்து வைத்திருக்கிறேன். நாளைக்கும் அழைப்பேன் என்று தோன்றவில்லை.