நில்ஸின் அன்னா

போன கிழமை பரமட்டா ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தபோது, பக்கத்து இருக்கையில் இருந்த பெண் உப்பும் வினாகிரியும் போட்ட சிப்ஸ் பக்கெட் ஒன்றைப் பிரித்தாள். அந்தப் புளித்த வாசம் மூக்கில் ஏறியதும் எனக்கு நோர்வே ஞாபகம் வந்தது. சிரிக்காதீர்கள். நோர்வேயை நான் கண்ணால் கண்டதில்லை. எனக்குத் தெரிந்த நோர்வே முழுவதும், இந்த ஸ்டேஷனிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த ஒரு சின்ன அறைக்குள், மைக்ரோஃபிலிம் சுருள்களாகத்தான் இருந்தது. அந்தச் சுருள்கள் பழசானால் அசல் வினாகிரி மணம் மணக்கும்.

தொண்ணூறுகளின் தொடக்கம். செவன் ஹில்ஸில் லொறி உதிரிப்பாகங்கள் விற்கும் ஒரு கொம்பனியில் எனக்கு முதல் வேலை. அங்கே எல்லோரும் என்னை என் அப்பாவின் பெயரால்தான் கூப்பிட்டார்கள். நடராசா என்பது அப்பா. விண்ணப்பப் படிவத்தில் கடைசிப் பெயர் என்ற கட்டத்தில் அவரை நிரப்பியது என் பிழை. ஊரில் அப்பாவின் முன்னால் நின்று பேசவே பயந்தவன், இங்கே அவராகவே நடமாடினேன். "நட், அந்த பிரேக் பாட்ஸ் வந்திட்டுதோ?" என்று கேட்டால் திரும்பிப் பார்க்கவே எனக்குச் சில மாதம் பிடித்தது.

கணக்குப் பகுதியில் இருந்தவர் லொரெய்ன். அறுபதை நெருங்கியவர், வாய் ஓயாதவர், தேநீருக்குள் பிஸ்கட்டை முக்கி அது உடைந்து விழுந்தால் முழு வெள்ளைக்கார இனத்தையும் திட்டுபவர். அவர் யாழ்ப்பாணத் தமிழ் பேசியவரல்ல என்பது உங்களுக்கே தெரியும். ஆனால் என் நினைவில் அவர் அப்படித்தான் பேசுகிறார். நானும் திருத்தப் போவதில்லை.

ஒருநாள் சாப்பாட்டு மேசையில் லொரெய்ன் ஒரு பழைய படத்தை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்துவரை மூடிய சட்டை போட்ட பெண். சிரிப்பு வரப்போகிற முகம். படத்தின் பின்புறம் 'அன்னா நில்ஸ்' என்று எழுதி, அதற்கப்பால் கத்தரிக்கோல் போயிருந்தது. யாரோ படச் சட்டத்துக்கு அளவாக வெட்டியிருக்கிறார்கள்.

"இவதான் எங்கட வீட்டுப் பேய்," என்றார் லொரெய்ன்.

கதை இதுதான். லொரெய்னின் தாய் எத்தெல். எத்தெலின் தகப்பன் நில்ஸ் ஓல்சன், நோர்வேக் கப்பலில் வந்து மெல்பேர்னில் இறங்கி அங்கேயே நின்றுவிட்ட மாலுமி. தலை நரைக்கத் தொடங்கிய பிறகுதான் அங்கே கல்யாணம் கட்டினார். எத்தெல் சின்னப் பிள்ளையாக இருந்தபோது இந்தப் படம் நோர்வேயிலிருந்து தபாலில் வந்தது. அன்று தொடங்கிய சண்டை தகப்பன் சாகும்வரை அடங்கவில்லை. அவர் வாய் திறந்து ஒன்றும் சொல்லவுமில்லை. இந்த அன்னா, அவர் ஊரில் விட்டு வந்த பெண்சாதி என்று வீட்டில் முடிவு கட்டிவிட்டார்கள். அப்படியானால் மெல்பேர்ன் கல்யாணம் செல்லாது. எத்தெல் யார்?

"கல்யாணப் பத்திரத்தில தாரமிழந்தவர் எண்டு எழுதியிருக்கு," என்றார் லொரெய்ன். "ஆனா அதை என்னெண்டு நம்பிறது? தேப்பன்ர பேர் ஓலே ஹான்சனாம். இவர் ஓல்சன். பேரே பொய். அம்மாவுக்கு எண்பத்தெட்டு வயசாகுது. கண்ணை மூடுறதுக்குள்ள தெரியோணும் எண்டு நிக்கிறா."

நான் கறிபணிஸைக் கடித்தபடி அந்தப் பெயர்களைப் பார்த்தேன். எனக்கு அதில் ஒரு மர்மமும் தெரியவில்லை. ஓலேயின் மகன் ஓல்சன். ஹான்ஸின் மகன் ஹான்சன். கடைசிப் பெயரென்று பார்த்தால் நான் நடராசா, என் அப்பா கந்தையா, தாத்தா வேலுப்பிள்ளை. எங்கள் மூன்று பேருக்கும் மூன்று கடைசிப் பெயர். அதற்காக நாங்கள் கள்ளர்களா என்று லொரெய்னிடம் கேட்டேன்.

லொரெய்ன் பிஸ்கட்டைத் தேநீருக்குள்ளேயே விட்டுவிட்டார். அன்று பின்னேரம் மேலாளர்வரை எல்லோரும் என்னை வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்குத் தலைக்கனம் ஏறியது. ஏறினால் சும்மா இருப்பேனா? படத்தைத் திருப்பிப் பார்த்து அடுத்த தீர்ப்பையும் வழங்கினேன்.

என் மனைவியின் பெயருக்குப் பின்னால் என் பெயர் இருக்கிறது, என் அப்பாவின் பெயர் அல்ல. எனக்கு ஒரு கடைசிப் பெயர், அவளுக்கு இன்னொன்று. நாங்கள் மெய்யான புருசன் பெண்சாதிதானா என்று விசா நேர்முகத்தில் குடைந்தெடுத்தார்கள். ஆகவே 'அன்னா நில்ஸ்' என்றால் நில்ஸின் பெண்சாதி அன்னா. எங்கள் ஊர்க் குருடனுக்கும் தெரியும். அப்படியே சொன்னேன்.

லொரெய்னின் முகம் விழுந்துவிட்டது. ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பிடுங்கிய மாதிரி ஆயிற்று. "அப்ப அம்மா பயந்தது சரிதான்," என்று சொல்லிப் படத்தைக் கைப்பைக்குள் வைத்தார். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னபோது அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "உங்களை ஆர் கேட்டது?" என்றாள். நியாயமான கேள்விதான்.

அந்தக் குற்ற உணர்ச்சியில்தான் சனிக்கிழமைகளில் லொரெய்னோடு, வம்ச வரலாறு தேடுகிறவர்களுக்கான அந்தப் பரமட்டா அறைக்குப் போகத் தொடங்கினேன். வெளிநாட்டுத் தேவாலயப் பதிவேடுகளின் சுருள்களை அங்கே எழுதிக்கொடுத்தால் கடல் கடந்து வரும், வர வாரக்கணக்கு. மெஷினில் கைப்பிடியைச் சுற்ற, கறுப்புத் திரையில் யாரோ பாதிரியாரின் கோழிக் கிறுக்கல் ஓடும். லாம்பின் சூடு, தூசி, வினாகிரி. மதியம் ஆனால் பசிக்கும். எனக்கு இன்றைக்கும் அந்த மணத்துக்குப் பசிக்கும்.

கிறுக்கலை வாசிக்க உதவியவர் இங்கர். நோர்வேயில் பிறந்து வளர்ந்து இங்கே வந்தவர், அறையில் சம்பளமில்லாமல் உதவுகிறவர். நான் என் பெண்சாதித் தத்துவத்தை அவருக்கும் விளக்கினேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

"அந்தக் காலத்தில எங்கட ஊர்ப் பொம்பிளையள் புருசன்ர பேரைப் போடுறேல்லை, தம்பி. கல்யாணம் கட்டினாலும் செத்தாலும் தேப்பன்ர பேர்தான். நில்ஸ் எண்டு பேருக்குப் பின்னால இருந்தா, அவ நில்ஸின்ர மகள். நில்ஸுக்குப் பின்னால வார 'மகள்' எண்ட சொல்லைத்தான் கத்தரிக்கோல் வெட்டிப்போட்டுது."

லொரெய்ன் கைப்பிடியைச் சுற்றுவதை நிறுத்தினார். நான் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் கூரையைப் பார்த்தேன்.

அதன்பிறகு தேடியது பெண்சாதியை அல்ல, பிள்ளையை. இரண்டு சுருள் தள்ளி அகப்பட்டாள். அன்னா, தகப்பன் நில்ஸ் ஓல்சன். சில பக்கம் கழித்து அடக்கப் பதிவில் தாய், பிரசவச் சூடு ஆறுவதற்குள் போயிருந்தாள். நில்ஸ் கைக்குழந்தையைத் தன் தாய் தகப்பனிடம் விட்டுவிட்டுக் கப்பல் ஏறியிருக்கிறார். தாரமிழந்தவர் என்று அவர் எழுதியது உண்மை. பிள்ளையை விட்டு வந்ததைச் சொல்லத்தான் வாய் வரவில்லைப் போலும்.

எத்தெல் அப்போது மெல்பேர்னில், ரோவிலில் ஒரு முதியோர் இல்லத்தில் இருந்தார். என் மச்சான் வீடும் ரோவிலில்தான். ஈஸ்டருக்கு நாங்கள் போன சமயம் லொரெய்னும் வந்திருந்தார், என்னையும் இழுத்துக்கொண்டு போனார். மகளை விடச் சின்ன உருவம் எத்தெல். கதிரைக்குள் ஒரு தலையணை போல இருந்தார். காது மட்டும் கூர்மை.

லொரெய்ன் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். எத்தெல் படத்தை வாங்கினார். வாழ்நாள் முழுக்க வெறுத்த முகத்தை ஒரு விரலால் தடவினார்.

"அப்ப இவ எனக்குச் சகோதரி."

எனக்கு வாய் சும்மா இருக்காது. "எங்கட பாஷையில மூத்தவவுக்கு எண்டு தனிச் சொல் இருக்கு, அன்ரி. அக்கா," என்றேன்.

"அக்கா," என்றார் எத்தெல், ஏதோ புதுப் பழம் தின்று பார்ப்பவர் போல. பிறகு மகளைப் பார்க்காமல் படத்தைப் பார்த்தபடியே கேட்டார்: "நான் ஒருத்தி இருக்கிறன் எண்டு அக்காவுக்குத் தெரிஞ்சிருக்குமோ?"

லொரெய்ன் என்னைத் திரும்பிப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் தீர்ப்பு வைத்திருந்த நான் எழும்பிப்போய் எத்தெலுக்குத் தண்ணீர் எடுத்து வந்தேன்.

அடுத்த குளிர்காலத்தில் எத்தெல் போய்விட்டார். படம் கட்டில் மேசையில் இருந்ததாம். பிறகு நானும் வேலை மாறினேன், லொரெய்ன் ஓய்வு பெற்று வடக்கே கடற்கரைப் பக்கம் போனார். பரமட்டா அறை இருந்த இடத்தில் இப்போது நகம் அலங்கரிக்கும் கடை. சுருள்கள் எங்கே போயின என்று விசாரித்தேன், ஒருவருக்கும் தெரியவில்லை. நோர்வேக்காரரும் ஒரு கட்டத்தில் தகப்பன் பெயர் போடும் வழக்கத்தை விட்டுவிட்டு ஒரே கடைசிப் பெயரைப் பிடித்துக்கொண்டார்களாம். என் பேரப்பிள்ளைகளும் நடராசாக்கள்தான். என் பெயரை மனைவியைத் தவிர ஒருவரும் சுமக்கவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் மனக்குறை உண்டு, அதை யாரிடமும் சொல்வதில்லை.

அந்தப் பதிவேடுகள் இப்போது இணையத்தில், சும்மா, கைத்தொலைபேசியிலேயே கிடைக்கின்றன. சில வருடங்களுக்கு முன் லொரெய்ன் ஒரு படம் அனுப்பியிருந்தார். தொண்ணூறு தாண்டியும் அவர் தேடுவதை விடவில்லை. நோர்வேத் தேவாலயப் பதிவேட்டின் ஒரு பக்கம், அதே கோழிக் கிறுக்கல். அன்னா கல்யாணம் கட்டி, ஒரு பெண் குழந்தை பெற்று, அதற்குப் பெயர் வைத்திருக்கிறாள். முன்னும் பின்னும் மாரித், கரி, இங்கெபோர்க் என்றே போகும் பக்கத்தில் அந்தக் குழந்தையின் பெயர் மட்டும் எத்தெல்.

தங்கச்சியின் பெயரைத் தன் பிள்ளைக்கு வைத்திருக்கிறாள். குசினியில் அடுப்பருகே நின்று வாசித்தேன், வாய்விட்டு அழுதேன். அக்காவுக்குத் தெரிந்திருந்தது. அதைக் கேட்பதற்கு எத்தெல்தான் இல்லை.