இன்னும் ஒன்பது சுற்று

நம்பாவிட்டால் போங்கள். என் தம்பி உயிரோடு இருக்கிறான், எனக்கு அது போதும்.

நாங்கள் இருவரும் ஒரு பழைய பாய்மரக் கப்பலில் கயிறு வேலை செய்கிறோம். மூன்று பாய்மரம். முன்னிரண்டில் சதுரப் பாய்கள், கடைசியில் நீளவாட்டுப் பாய். இப்போது அது ஓடுவதில்லை. துறையில் கட்டிவைத்துச் சுற்றிக் காட்டுகிறார்கள். பாயைத் தாங்கும் குறுக்குக்கட்டைக்குக் கீழே ஒரு கயிறு தொங்கும். மேலே வேலை செய்பவன் அதில்தான் நிற்க வேண்டும். கால்கயிறு என்போம். அதன் முனைக்கட்டு அவிழ்ந்தால்... நேரே கீழே பலகைத் தளம்தான்.

அன்று நடுமரத்தில் புதுக் கால்கயிறு போட்டேன். அதன் முனையைக் கட்டையோடு சேர்த்து நூலால் பதினான்கு சுற்று சுற்ற வேண்டும். ஐந்தாவது சுற்றில் பசி வயிற்றைக் கிள்ளியது. இறங்கிவிட்டேன். அரைகுறை வேலையில் சிவப்புத் துணி கட்டிவைப்பது எங்கள் வழக்கம். அதையும் கட்டவில்லை. சாப்பிட்டதும் அடியோடு மறந்தும் போனேன். என்னைச் செருப்பால் அடித்தாலும் தகும்!

பிற்பகல் 2.40. கீழறையில் இருந்தேன். மேலே சத்தம்.

டக்... டக்... டக்...

கயிற்றை இறுக்கும் மரச்சுத்தி. கப்பலில் அது ஒன்றுதான் உண்டு. என் கையில் இருந்தது.

தார் வாசனை வேறு. கயிற்றுக்குத் தார் பூசுவதை நாங்கள் விட்டு ஆறு வருடம்.

அப்போதுதான் உறைத்தது. அந்த முனைக்கட்டு...

ஓடினேன்.

தம்பி மேலே, நடுமரக் கட்டையின் முனையில், அந்தக் கால்கயிற்றில் நின்றிருந்தான். தனியாக.

"டேய்! அசையாதே!"

"அதையேதான் இவரும் சொல்றார்!"

"எவர்டா?"

"இதோ, இந்தப் பெரியவ..."

பக்கத்தில் திரும்பினான். அங்கே யாரும் இல்லை.

2.46. ஏறிப் போய் எண்ணினேன். பதினான்கு.

ஐந்து என்னுடையவை. மீதி வேறு நூலில், எதிர்ப்பக்கமாக, இடக்கைக்காரன் சுற்றியதுபோல. நாங்கள் இருவருமே வலக்கை.

தொட்டேன். தார் சுட்டது...

தம்பியைக் கீழே கூட்டி வந்தேன்.

"என்னடா சொன்னார்?"

"'அப்படியே நில்லு தம்பி'ன்னார். அழுதுகிட்டே சுத்தினார் அண்ணா."

மறுநாள் துறைக் காவல்காரரிடம் ஒன்றுமே தெரியாதவன்போல் கேட்டேன், அந்த மரத்தில் யாராவது விழுந்திருக்கிறார்களா என்று.

"ஒருத்தன் விழுந்தான்பா, கப்பல் ஓடின காலத்துல. முனைக்கட்டை அவன் அண்ணன்தான் கட்டினான், இடக்கைக்காரன். பாதியில விட்டுட்டு சாப்பிடப் போயிட்டான்."

"அந்த அண்ணன்?"

"புத்தி பேதலிச்சுப் போச்சு. செத்து முப்பது வருஷமாச்சு. சாகிறவரைக்கும் வெறுங்கையால காத்துல எதையோ சுத்திக்கிட்டே இருப்பான். வாயில ஒரே பேச்சுதான்... 'இன்னும் ஒன்பது சுத்து... இன்னும் ஒன்பது சுத்து...'"