ஒயர்ப் பெட்டியில் வைத்த மடிநெல்

என் மகள் கார் செய்கிறாள் என்றுதான் ஊரில் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு நாள் அவளே திருத்தினாள். "கார் செய்யலம்மா. காருக்குள்ள ஓடுற ஒயரு கட்டுறேன்." அதனாலென்ன, ஒயர் இல்லாமல் கார் ஓடுமா? நான் மாற்றிச் சொல்லவில்லை.

நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர். நான் இரண்டாம் வகுப்பு வரை போனவள். எழுத்துக்கூட்டிப் படிப்பேன், கை வலித்தாலும் எழுதுவேன். எழுதத் தெரியாது என்று யாரும் என்னைச் சொன்னதில்லை, சொல்ல விட்டதுமில்லை. மகள் ஐடிஐ முடித்துவிட்டுச் சென்னைக்கு மேற்கே இருக்கிற அந்தத் தொழிற்சாலைக்குப் போனாள். ஏழெட்டு வருஷத்தில் ஒரு வரிசைக்கே பொறுப்பாகிவிட்டாள். அவளுக்குக் கீழே இருபது பெண்கள்.

அவள் வேலை செய்யும் இடத்தை ஆயுத பூஜை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். அன்றைக்கு மட்டும் வீட்டு ஆட்களை உள்ளே விடுவார்கள். ஆள் உயரப் பலகைகள். பலகை முழுக்க முளைகள். முளைக்கு முளை ஒயரை இழுத்து, நாடா சுற்றிக் கட்டுகிறார்கள். மஞ்சள், சிவப்பு, நீலம் என்று பத்துப் பதினைந்து நிறம். நடுவில் தடித்த தண்டு, அதிலிருந்து கிளை, கிளையிலிருந்து பொடிக் கிளை. எனக்குப் பார்த்ததும் புரிந்துவிட்டது. ஆற்றிலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து கன்னிவாய்க்கால், அதிலிருந்து வயல். தண்ணீருக்குப் பதில் கரண்டு.

"இது எங்க போகுது?" என்று கேட்டேன்.

"தாய்லாந்துக்கு. இதான் மொத லாட்டு."

"அம்மாடி! அங்க ஒயரு கட்ட ஆள் இல்லையா?"

"இருக்காங்க. ஆனா ரெண்டு நாட்டுக்கும் நடுவுல ஒப்பந்தம் இருக்கு. இந்த நாட்டுல செஞ்சதுன்னு ஒரு சான்றிதழ் கூடப் போனா அங்க வரி கிடையாது. அதனால இங்கேருந்து வாங்குறது அவங்களுக்குக் கட்டுபடியாகுது."

"ஒயருக்குப் பொறப்புச் சான்றிதழா? எனக்கே கிடையாதேடி!"

பக்கத்தில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். அவர்களில் ஒருத்தி பெட்டி கட்டும் பிரிவில் இருப்பவள், குடவாசல்காரி, இரண்டு பிள்ளைக்குத் தாய். "எங்க மாமியாருக்கும் கிடையாதுங்கம்மா. அதான் வயசைக் கேட்டா வருஷா வருஷம் குறையுது" என்றாள்.

மகள் மேலும் சொன்னாள். செம்பு ஒரு தேசத்திலிருந்து வருகிறது. முனையில் மாட்டுகிற பிளாஸ்டிக் இன்னொரு தேசம். கட்டுவது நாம். கார் ஆவது அங்கே. அங்கே செய்கிற கியர் பாக்ஸ் நம்மூர்க் காருக்கு வருகிறது.

"அப்ப அந்தக் காருக்கு எதுடி சொந்த ஊரு?"

"அதைத்தான் காகிதத்துல எழுதிக் காட்டச் சொல்றாங்க. எவ்வளவு பங்கு எங்க செஞ்சதுன்னு."

எனக்கு இது பெரிய அதிசயமாகப் படவில்லை. எங்கள் நெல்லும் அப்படித்தானே? விதை ஒரு ஊரில் வாங்கினது, நட வருகிறவர்கள் வேறு ஊர், அறுக்கிற மிஷின் ஆத்தூரிலிருந்து வருகிறது, சாக்கு எங்கிருந்தோ. சாப்பிடுகிறவன் தஞ்சாவூர் அரிசி என்கிறான்.

பூஜைக்காக ஒரு நீலப் பெட்டியைத் திறந்து வைத்திருந்தார்கள். சந்தனமும் குங்குமமும் வைத்து, மாலை போட்டு, கற்பூரம் காட்டினார்கள். எல்லாரும் பொரிகடலை வாங்கப் போனார்கள். பெட்டி தனியாக இருந்தது. உள்ளே ஒயர் கட்டு சுருட்டின ஜடை மாதிரி படுத்திருந்தது. கடல் தாண்டிப் போகப்போகிறது. போகிற இடத்தில் அதற்கு யாரையும் தெரியாது.

அப்போதுதான் குறுவை அறுத்து முடித்திருந்தோம். புது நெல் ஒரு கைப்பிடி, மஞ்சள் துணியில் முடிந்து, சாமிக்கு வைக்கலாம் என்று எடுத்துப் போயிருந்தேன். எங்கள் வீட்டில் பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்பும்போது மடியில் நெல் கட்டாமல் அனுப்ப மாட்டோம். வெறும் மடியோடு போனாள் என்ற பேச்சு வரக்கூடாது. அந்த முடிச்சை ஒயருக்கு அடியில் செருகினேன். யாரிடமும் சொல்லவில்லை. மனசு நிறைந்து போய்ப் பொரிகடலை வாங்கச் சென்றேன்.

ஐப்பசி அடைமழையில் ஒரு நாள் மகள் போன் செய்தாள்.

"அம்மா, ஆயுத பூஜைக்கு வந்தப்ப பெட்டிக்குள்ள ஏதாவது வச்சியா?"

"வச்சேன். ஒரு கைப்பிடி நெல்லு. ஏன், போய்ச் சேரலையா?"

சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது.

"போய்ச் சேந்துருச்சும்மா. அதான் பிரச்சினை."

அந்த ஊர்த் துறைமுகத்தில் சோதனைக்காகப் பெட்டியைத் திறந்திருக்கிறார்கள். ஒயர் என்று எழுதின பெட்டியில் நெல். கப்பலில் போன கண்டெய்னர் முழுவதையும் நிறுத்தி, புகை போட்டு, அந்த ஒரு பெட்டியை எரித்துவிட்டார்களாம். ஒயர் வரவில்லை என்று அங்கே கார் வேலை தடைப்பட்டிருக்கிறது. இவர்கள் விமானத்தில் வேறு பெட்டி அனுப்பிச் சமாளித்தார்கள். இதே ஒயரை இந்தோனேசியாவிலும் கட்டுகிறார்கள், அங்கிருந்து போனாலும் வரி கிடையாது. இன்னொரு தப்பு நடந்தால் வேலை முழுவதும் அங்கே போய்விடும் என்றாள். வரி என்ற வேலி இல்லாததால்தான் இவர்களுக்கு வேலை வந்தது. வேலி இல்லாததால் அது போகவும் போகும்.

"படம் அனுப்பியிருந்தாங்க. முடிச்சைப் பார்த்ததுமே தெரிஞ்சுருச்சு. உன்னைத் தவிர யாரு அப்படி இழுத்து ரெண்டு முடிச்சு போடுவா?"

"யாருகிட்டயும் சொன்னியா?"

"சொல்லல. ஆனா நெல்லுன்னதும் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரிதான்னு பெட்டி கட்டுறவளை வேலைக்கு வரவேண்டாம்னுட்டாங்க. பாவம், அவ ரெண்டு புள்ளையை வச்சிருக்கா. நாளைக்கு நான்தான் வச்சேன்னு எழுதிக் குடுக்கப் போறேன்."

"எழுதிக் குடுத்தா?"

"எனக்கு வேலை போகும். தை மாசம் தாய்லாந்துக்குப் பயிற்சிக்கு அனுப்புறதா இருந்தாங்க. அதுவும் போகும். பரவால்ல. உன்னை அங்க கூப்பிட்டு நாலு பேர் முன்னாடி நிக்கவைக்க என்னால முடியாது."

என் மானத்துக்காக அவள் வேலையை விடப் பார்த்தாள். எனக்குக் கோபம் வந்தது.

"செய்யாததைச் செஞ்சேன்னு எழுதவாடி உன்னைப் படிக்க வச்சேன்? நான் வரேன்."

"மழை பெய்யுதும்மா."

"ரயிலுக்குக் கூரை இருக்குல்ல?"

தொழிற்சாலை மேலாளர் என் மகளைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார். அறைக்குள் போனதும் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். மகள் கதவோரம் நின்றாள்.

"தம்பி, நெல்லு வச்சது நான். இவளுக்கும் தெரியாது, பெட்டி கட்டுற பொண்ணுக்கும் தெரியாது."

"ஏம்மா வச்சீங்க?"

"மொதல் மொதலா கடல் தாண்டிப் போற பொருளு. வெறுமனே எப்படி அனுப்புறது?"

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். திட்டியிருந்தால் நானும் பதிலுக்குப் பேசியிருப்பேன். அவர் திட்டவில்லை.

"வரி இல்லைன்னுதானே சொன்னாங்க?" என்றேன். "இம்புட்டு ஒயரை விடுறாங்க, ஒரு கைப்பிடி நெல்லை விடமாட்டாங்களா?"

"வரி வேற, பூச்சி வேறம்மா. நம்ம நெல்லுல ஒரு புழுவோ முட்டையோ இருந்து, அது அவங்க வயல்ல இறங்கிட்டா?"

"அந்த ஊர்லயும் நெல்லா போடுறாங்க?"

"நம்ம பக்கம் மாதிரியேம்மா. ஃபேக்டரி மதிலுக்கு வெளியவே வயல்தான்."

அதுவரைக்கும் நான் நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தேன். அதைக் கேட்டதும் தலை தானாகக் குனிந்தது. புகையான் பூச்சி விழுந்த வயலை நான் பார்த்திருக்கிறேன். காலையில் பச்சையாக விட்டுவிட்டு வந்த பயிர், நாலு நாளில் வட்டம் வட்டமாகத் தீய்ந்து கிடக்கும். வரப்பில் உட்கார்ந்து அழுதிருக்கிறேன். அதே மாதிரி யாரோ ஒருத்தி எங்கோ ஒரு வரப்பில் உட்காரும்படி செய்யப் பார்த்தேனே! மங்கலம் என்று நினைத்துத்தானே வைத்தேன்.

"தப்புதான் தம்பி," என்றேன். அந்த வார்த்தையை நான் அதிகம் சொன்னதில்லை.

எப்படி நடந்தது என்று எழுத்தில் வேண்டும், அங்கே அனுப்ப வேண்டும் என்றார். "நீங்க சொல்லுங்கம்மா, நான் டைப் பண்ணிடுறேன்."

"நான் எழுதுவேன்."

மகள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். முறைத்துப் பார்த்தேன், அடங்கிவிட்டாள். ஒரு பக்கம் எழுத அரை மணி ஆனது. அவர்கள் காத்திருந்தார்கள். நெல் வைத்தது நான். எங்கள் ஊரில் பெண்ணை அனுப்பும்போது அப்படிச் செய்வோம். அது உங்கள் வயலுக்கு ஆகாது என்று எனக்குத் தெரியாது. நானும் வயல்காரி, இனிமேல் வைக்க மாட்டேன். இந்தப் பெண்கள் மேல் குற்றம் இல்லை. கீழே கையெழுத்துப் போட்டேன். கைநாட்டு இல்லை, கையெழுத்து.

அதை இங்கிலீஷில் மாற்றி, என் கையெழுத்துத் தாளையும் கூடவே அனுப்பினார்கள். 'பெற்றுக்கொண்டோம், அடுத்த பெட்டிகளைக் கவனமாக அனுப்பவும்' என்று மட்டும் பதில் வந்ததாம். எனக்கு அது போதவில்லை. ஆனால் வேறென்ன எழுதுவார்கள்? நான் எழுதிக் கொடுத்த மறுநாளே குடவாசல்காரி வேலைக்கு வந்துவிட்டாள். அவள் வீட்டுக்குப் போய் நேரிலும் தப்பு என்று சொன்னேன். "விடுங்கம்மா, நாலு நாள் புள்ளைங்களோட இருந்தேன்" என்று காபி போட்டுக் கொடுத்தாள். ஆனால் காபி ஆற்றும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

மகளின் பெயரைப் பயிற்சிக்குப் போகிறவர்கள் பட்டியலில் அடித்துவிட்டார்கள். கார்த்திகையில் ஒரு கப்பல், மார்கழியில் இரண்டு. ஒவ்வொரு கப்பலுக்கும் நான் போன் செய்து, "இறக்கிட்டாங்களா?" என்று கேட்பேன். மூன்றும் நல்லபடியாக இறங்கிய பிறகு அவள் பெயரை மறுபடியும் எழுதினார்கள். மூன்று மாதம் அங்கே இருந்து, இங்கே கட்டுகிற ஒயரை அங்கே காரில் எப்படிப் பொருத்துகிறார்கள் என்று பார்த்து வர வேண்டும்.

பொங்கல் முடிந்து கிளம்பினாள். மத்தியான விமானம். விமான நிலைய வாசல் வரைதான் வழியனுப்ப வருகிறவர்களை விடுவார்கள். அவள் பெட்டியைத் தரையில் வைத்து, எல்லா ஜிப்பையும் திறந்து பார்த்தாள்.

"அம்மா, எதையும் உள்ள வைக்கலையே?"

"வைக்கலடி. சத்தியமா."

என் முந்தானையைப் பார்த்தாள். அதில் முடிச்சு இருந்தது, இரண்டு முடிச்சு. சம்பா நெல். எதற்குக் கொண்டு வந்தேன் என்று கேட்டால் எனக்கே பதில் தெரியாது. வீட்டை விட்டுக் கிளம்பும்போது கை தானாகக் கட்டிவிட்டது.

அவள் துப்பட்டாவின் இரு முனையையும் பிடித்து, என் முன்னால் மடி மாதிரி ஏந்தினாள். வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாம் பார்க்கிறார்கள்.

"போடும்மா. போட்டுட்டு நீயே எடுத்துக்க. போறது நான் மட்டும்தான்."

முடிச்சை அவிழ்த்துப் போட்டேன். ஒரு நிமிஷம் வைத்திருந்தாள். பிறகு மெதுவாகச் சாய்த்து மறுபடியும் என் முந்தானையில் கொட்டினாள். துப்பட்டாவை மூன்று தரம் உதறினாள். நான் அவளை நிறுத்தி, கரை முழுவதும் விரலால் தடவிப் பார்த்தேன். பூவேலை நூலில் ஒரே ஒரு நெல் மாட்டிக்கொண்டிருந்தது. அதையும் எடுத்துக்கொண்டேன்.

"இப்ப போ," என்றேன்.