கருவாட்டு லொறியில் ஒரு இன்டர்வியூ

மன்னார்ப் பாலம் தாண்டியதும் சோதனைச்சாவடியில் ஆமிக்காரர் வவுனியா பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறக்கிவிட்டார்கள். பை பார்க்கும் வரிசை நகரவேயில்லை. எனக்கு முன்னால் நிற்கிற பேசாலைப் பிள்ளை வாய்க்குள் ஏதோ முணுமுணுக்கிறாள்.

“என்ன பிள்ளை, செபமோ?”

“இல்லை அண்ணை, இங்கிலீசுக்காரரின்ர சாப்பாட்டுப் பேச்சு. ‘பீஸ் ஒஃப் கேக்’ எண்டா லேசான வேலை. ‘பீன்ஸைக் கொட்டுறது’ எண்டா ரகசியத்தை உளறுறது. பத்து மணிக்கு வவுனியாவில இன்டர்வியூ. வீடு கட்டிக் குடுக்கிற வெள்ளைக்காரருக்கு மொழிபெயர்க்கிற வேலை.”

எனக்குக் காது இனிக்கிறது. “இன்னும் சொல்லு.”

“‘பிரெட் அண்ட் பட்டர்’ எண்டா பிழைப்பு. அப்பாவுக்கு மீன்பிடிக்க இன்னும் வள்ளம் கிடைக்கேல்லை. எங்களுக்கு இனி இந்த வேலைதான்.” மணிக்கூட்டைப் பார்க்கிறாள். “வயித்தில புளி கரைக்குது அண்ணை. இதுக்கு அவங்கள் என்ன சொல்லுவாங்கள்?”

வரிசைக்காரரிடம் கெஞ்சி அவளை முன்னுக்கு அனுப்புகிறேன். பிறகுதான் உறைக்கிறது: கடைசி ஆள் ஏறாமல் பஸ் வெளிக்கிடாது.

சோதனை முடிந்த கருவாட்டு லொறி ஒன்றை ஓடிப்போய் மறிக்கிறேன்.

“வவுனியாவுக்குத்தான் போறன். ஏறுங்கோ தங்கச்சி, கருவாடு மணந்தா என்னை ஏசாதேங்கோ,” என்கிறார் சாரதி.

சேலையைத் தூக்கிப் பிடித்து ஏறியவள் யன்னலால் கத்துகிறாள்: “பீஸ் ஒஃப் கேக், அண்ணை!”

ஒரு கை மட்டும் வயிற்றைப் பிடித்தபடியே இருக்கிறது.