ஊசி முனையும் இறுதி ஆட்டமும்

என் மேஜையில் காகிதம் பறக்காமல் இருக்க ஒரு லாடக் காந்தம் வைத்திருக்கிறேன். சிவப்புச் சாயம் பாதி உரிந்துபோன பழைய காந்தம். அதன் ஒரு முனையில், இரண்டாக ஒடிந்த தையல் ஊசி ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. வீட்டுக்கு வரும் குழந்தைகள் அதைத் தொடப் போனால் நான் போடுகிற சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள். "ஒடஞ்ச ஊசிக்கு இத்தன ஆர்ப்பாட்டமுங்களா அத்தை?" என்று மருமகள் கேலி செய்வாள். செய்துவிட்டுப் போகட்டும். டென்னிஸ் பார்க்க உட்காரும்போதெல்லாம் நான் அந்தக் காந்தத்தை ஒரு தடவை பார்த்துக்கொள்வேன்.

எத்தனையோ பேர் கோப்பை வாங்குகிறார்கள். அடுத்த வருஷம் அவர்களை யாரும் தேடுவதில்லை. சிலரை மட்டும் சனங்கள் தங்கள் வீட்டுப் பிள்ளை மாதிரி பிடித்துக்கொள்கிறார்கள். அவர்கள் தோற்றால் இங்கே சாப்பாடு இறங்குவதில்லை. இது ஏன் என்று பத்திரிகைகளில் நிறையப் படித்திருக்கிறேன். அழகு என்கிறார்கள், ஆட்டத்தின் நளினம் என்கிறார்கள், விழுந்து எழுந்த கதை என்கிறார்கள். இருக்கலாம். எனக்குக் கிடைத்த விடை வேறு. அதை எனக்குக் காட்டியவர் மைதானத்துப் பக்கமே போகாத என் முதலாளி.

எண்பதுகளின் கடைசியில் குன்னத்தூரிலிருந்து தினமும் பஸ் ஏறித் திருப்பூருக்கு வந்து, அவருடைய பனியன் கம்பெனியில் டைப்பிஸ்ட்டாக வேலை பார்த்தேன். கம்பெனி என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு நீளமான ஷெட், வரிசையாகத் தையல் மெஷின்கள், மூலையில் தடுத்த ஒரு ஆபீஸ் அறை, அவ்வளவுதான். பெரிய ஏற்றுமதிக்காரர்கள் கொடுக்கிற துணியைத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் கம்பெனி. முதலாளி வாயைத் திறந்தால் ஷெட்டின் தகரம் அதிரும். சாயப்பட்டறைக்காரர் துணியைக் கொண்டுவந்து இறக்கினால், "ஏனுங்க, இதுதான் நீலமா? கண்ணுல ஏதாச்சும் கோளாறுங்களா?" என்று ஆரம்பித்து அவருடைய மூன்று தலைமுறையையும் இழுத்துவிடுவார். மரியாதை மட்டும் குறையாது. திட்டும்போதும் 'ங்க' போட்டுத்தான் திட்டுவார்.

அவருக்கு டென்னிஸ் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று யாருக்கும் தெரியாது. கலர் டிவி வாங்கியதும் அதை வீட்டில் வைக்காமல் ஷெட்டில் வைத்தார். பெரிய போட்டிகளின் இறுதி ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வரும். லீவு நாளானாலும் தொழிலாளர்கள் குடும்பத்தோடு வந்து துணிக் கட்டுகள் மேல் உட்கார்ந்து பார்ப்பார்கள். போண்டாவும் டீயும் முதலாளி செலவு. இங்கிலீஷ் வர்ணனையைத் தமிழில் சொல்வது என் வேலை. முதலாளிக்குப் பிடித்த ஆட்டக்காரர் ஒருவர் இருந்தார். அம்பயரோடு வாய்ச்சண்டை, மட்டையைத் தரையில் அடித்து உடைப்பது, கூட்டத்தைப் பார்த்து முறைப்பது, எல்லாம் உண்டு. நாங்கள் அவருக்குச் சண்டைக்கோழி என்று பெயர் வைத்திருந்தோம். முதலாளி இல்லாத நேரத்தில் முதலாளிக்கும் அதே பெயர்தான். இனம் இனத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று நினைத்துச் சிரித்துக்கொள்வோம். எனக்குப் பிடித்தவர் எதிராளி. வாயே திறக்காதவர், தலைமுடி கலையாதவர், ஜெயித்துக்கொண்டே இருப்பவர். ஜெயிக்கிறவரைப் பிடிப்பதுதானே நியாயம் என்று நான் வாதாடுவேன்.

இரண்டு பேரும் மோதிய இறுதி ஆட்டம் ஒன்று. கடைசி செட், இழுபறி. எதிராளி அடித்த பந்து பின்கோட்டுக்குப் பக்கத்தில் விழுந்தது. கோட்டைக் கவனிக்கிற நடுவர்கள் அவுட் என்று கூவினார்கள். அந்தப் புள்ளியோடு சண்டைக்கோழிக்குக் கோப்பை கைக்கு எட்டிவிட்டது. ஷெட்டே எழுந்து நின்று கத்தியது. அவரோ அம்பயரை நோக்கி நடந்தார். "ஜெயிச்சும் சண்டையா?" என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவர் சண்டை போடவில்லை. பந்து உள்ளேதான் விழுந்தது என்று கையால் காட்டினார். அம்பயர் திரும்பத் திரும்பக் கேட்டார். இவர் தலையாட்டினார். புள்ளி எதிராளிக்குப் போய்விட்டது. அதைவிடப் பெரிய இடி அடுத்து விழுந்தது. டிவியில் அந்தப் பந்தை மெதுவாக ஓட்டிக் காட்டினார்கள். பந்து கோட்டுக்கு வெளியேதான் விழுந்திருந்தது! நல்ல இடைவெளி தெரிந்தது. அந்த மனுஷன் தனக்குச் சேர வேண்டியதைத் தூக்கிக் கொடுத்திருந்தார். அதற்கப்புறம் ஆட்டம் கைவிட்டுப் போய்த் தோற்றும் போனார்.

"அட கிறுக்கா! கிறுக்கா!" என்று கட்டிங் மாஸ்டர் டிவியைப் பார்த்து அலறினார். நான் முதலாளியைத் திரும்பிப் பார்க்கவே பயந்தேன். டிவி உடையப் போகிறது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அவர் கடித்த போண்டாவைக் கையில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தார். அங்கே மைதானத்தில் கோப்பை வாங்கியவருக்குக் கை தட்டி முடித்த கூட்டம், தோற்றவருக்கு எழுந்து நின்று தட்டிக்கொண்டே இருந்தது. "பந்து எங்க விழுந்துதுன்னு அவனுக்கு அப்பத் தெரியாதுல்லீங்க அம்மிணி" என்றார் முதலாளி, என்னிடம். "சந்தேகம் வந்து போச்சு. சந்தேகத்த வெச்சுக்கிட்டு எப்படிங்க கோப்பையத் தூக்குவான்?" சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். டென்னிஸைப் பற்றிச் சொல்கிறார் என்று நினைத்து நானும் அதோடு மறந்துவிட்டேன்.

அடுத்த வருஷம் அவருடைய வாழ்க்கையிலேயே முதல் நேரடி ஏற்றுமதி ஆர்டர் வந்தது. கைக்குழந்தைகளுக்கான உடுப்பு, ஒரு வெளிநாட்டுக் கடைக்கு. இதை ஒழுங்காக அனுப்பிவிட்டால் ஜாப் ஒர்க்கை விட்டுவிட்டு அவரும் எக்ஸ்போர்ட்டர் ஆகிவிடலாம். முதலிபாளையம் தொழிற்பேட்டையில் இடம்கூடப் பார்த்து வைத்திருந்தார். குழந்தை உடுப்பு என்பதால் அந்தக் கடைக்காரர்கள் ஒரு கட்டளை போட்டிருந்தார்கள். தைக்கும்போது ஊசி ஒடிந்தால், ஒடிந்த துண்டுகள் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டுத்தான் டெய்லர் புது ஊசி வாங்க வேண்டும். ஒரு துண்டு குறைந்தாலும் அந்தச் சரக்கு நகரக் கூடாது. துணியில் மாட்டிய முனை குழந்தையைக் குத்திவிடுமே! துண்டு தேடுவதற்காகத்தான் இந்தக் காந்தத்தை வாங்கி ஷெட்டில் தொங்கவிட்டோம்.

சரக்கு பேக்கிங் முடிந்தது. சோதிக்க அந்தக் கடைக்காரர்கள் சார்பில் மெட்ராஸிலிருந்து வந்த அதிகாரி பெட்டிகளைப் பிரித்துப் பார்த்து, திருப்தியாகி, பாஸ் என்று கையெழுத்தும் போட்டார். ஆபீஸ் அறையில் என் எதிரே உட்கார்ந்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். வெளியே லாரியில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அப்போது ஒரு பெண் வந்து முதலாளி முன்னால் நின்றதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த டெய்லர் பெண், துணி ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மெஷினில் உட்காருகிறவள். முந்தானையில் முடிந்து வைத்திருந்த ஒரு பாதி ஊசியை எடுத்து நீட்டினாள்.

"மொதலாளி, இந்தச் சரக்கு தைக்கையில ஊசி ஒடிஞ்சிருச்சு. நுனி ஆப்புடல. வேலையப் புடுங்கிருவீங்கன்னு பயந்து, பக்கத்து அக்காகிட்ட வேற ஊசி வாங்கிப் போட்டுத் தைச்சுட்டேன். பெட்டிய ஏத்துறதப் பாத்ததும் மனசு கேக்கல" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள்.

பெட்டி தூக்கியவர்கள் அப்படியே நின்றார்கள். அடி விழும் என்றே நான் நினைத்தேன். மேனேஜராக இருந்த முதலாளியின் மைத்துனர் ஓடிவந்து, "மச்சான், கம்முன்னு இருங்க. பாஸ் போட்டாச்சு. அந்த முனை எங்கியாச்சும் மண்ணுல கெடக்கும். வண்டிய எடுக்கச் சொல்றேன்" என்று கிசுகிசுத்தார். முதலாளி அந்தப் பாதி ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நேராக ஆபீஸ் அறைக்குள் வந்தார்.

"சாருங்க, பாஸ் போட்டத வாபஸ் வாங்கிக்குங்க. ஒரு ஊசி முனை கெடைக்கலீங்க."

அதிகாரி இளநீரைக் கீழே வைத்துவிட்டார். "என்ன சார் இது? உங்க சரக்குல கொறை இருக்குன்னு நீங்களே சொல்றீங்களா?"

"கொறை இருக்குதான்னு தெரியலீங்க. இல்லைன்னும் தெரியலீங்க."

அந்த மனிதரை அதுவரை நான் அறிந்ததே இல்லை என்று அந்த நிமிஷம் தோன்றியது.

எல்லாப் பெட்டியையும் இறக்கிப் பிரித்தார்கள். ஒவ்வொரு உடுப்பின் மேலும் காந்தத்தை ஓட்டினோம். என்ன கொடுமை பாருங்கள், குழந்தை உடுப்பில் வைத்த அழுத்துப் பட்டனுக்குள் சின்னக் கம்பி இருக்கிறது. காந்தம் ஒவ்வொரு பட்டனிலும் போய் ஒட்டிக்கொண்டது. முனை இருக்கிறதா இல்லையா என்று சொல்லவே முடியவில்லை. ஊசி கண்டுபிடிக்கும் மெஷினெல்லாம் அப்போது எங்களுக்கு எட்டாத சமாச்சாரம். தூத்துக்குடியிலிருந்து கப்பல் கிளம்பிப் போய்விட்டது. ஆர்டர் ரத்து என்று டெலக்ஸ் வந்தது. நான்தான் வாசித்துக் காட்டினேன். இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

கேள்விப்பட்டு ஒரு வியாபாரி வந்தார். மொத்தத்தையும் எடுத்து வெளியூர்ச் சந்தையில் தள்ளிவிடுவதாகச் சொன்னார். மைத்துனருக்கு முகம் மலர்ந்தது. முதலாளிக்கு வந்ததே கோபம்! "அவுங்கூர்க் கொழந்தைக்குக் குத்துமுங்க, நம்மூர்க் கொழந்தைக்குக் குத்தாதுங்களா?" என்று அவர் போட்ட சத்தத்தில் வியாபாரி டீயைக்கூடக் குடிக்காமல் கிளம்பினார். அன்றைக்கே கட்டிங் மாஸ்டரைக் கூப்பிட்டு அத்தனை உடுப்பையும் துண்டு துண்டாக வெட்டச் சொன்னார். இனி அது மெஷின் துடைக்கிற வேஸ்ட் துணிதான். முயல்பொம்மை போட்ட அந்தச் சின்னச் சட்டைகள் கத்தியில் போனதை என்னால் பொறுக்க முடியவில்லை. இவருக்கென்ன புத்தி பிசகிவிட்டதா என்று வாய்விட்டே திட்டினேன். அவர் காதில் விழுந்திருக்கும். அந்தப் பெண்ணைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். "ஊசி ஒடைஞ்சா ஊசிதான் போவும் கண்ணு. சொல்லாம இருந்தியே, அதுக்குத்தான் திட்டறேன். நாளைக்கு வேலைக்கு வந்துரு" என்றார்.

வேலையே இல்லாத கம்பெனிக்கு யார் வருவார்கள் என்று நினைத்துக்கொண்டுதான் மறுநாள் பஸ்ஸை விட்டு இறங்கினேன். ஷெட்டுக்குள் நுழைந்து பார்த்தேன். எல்லோரும் வந்திருந்தார்கள். பக்கத்துக் கம்பெனிகள் ஆளுக்காக அலைந்த காலம் அது. இவர்கள் நேற்று வெட்டிய வேஸ்ட் துணியை வைத்து மெஷின்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். போன வருஷம் அந்தத் தோற்ற ஆட்டக்காரருக்காக எழுந்து நின்றார்களே, அந்தக் கூட்டம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. சந்தேகத்தைத் தன் பக்கம் சாய்த்துக்கொள்ளாத ஒருவரைச் சனங்கள் தோற்றாலும் விட மாட்டார்கள்.

முதலாளி எக்ஸ்போர்ட்டர் ஆகவில்லை. முதலிபாளையத்து இடம் வேறொருவர் கைக்குப் போயிற்று. கடைசிவரை ஜாப் ஒர்க்தான். ஆனாலும் அந்தப் பாதி ஊசியைக் காந்தத்தில் ஒட்டி ஆபீஸ் அறையிலேயே வைத்திருந்தார்.

தொண்ணூறுகளின் கடைசியில் பழைய ஓவர்லாக் மெஷின்களை விற்றோம். அவர் மூட்டு வலியால் வீட்டோடு இருந்தார். மெஷினைப் பிரித்த மெக்கானிக், அடியில் எண்ணெய்த் தொட்டியில் படிந்திருந்த கசடை வழிக்கும்போது, "ஊசி முனை ஒண்ணு கெடக்குதுங்க" என்றார். அந்தப் பெண் உட்கார்ந்த மெஷின். ஓடிப்போய்க் காந்தத்தைக் கொண்டுவந்து, பாதி ஊசியோடு முனையை வைத்துப் பார்த்தேன். ஒடிந்த இடம் அச்சாகப் பொருந்தியது. உடுப்பு எதிலும் ஊசி இருந்ததே இல்லை. முழுச் சரக்கும் சுத்தமான சரக்கு! மைத்துனர் தரையில் உட்கார்ந்துவிட்டார். "மச்சான்கிட்டச் சொல்லிப்போடாதீங்க அம்மிணி. தாங்க மாட்டாரு" என்றார்.

மறைக்க எனக்கு மனம் வரவில்லை. காந்தத்தை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் எனக்கே அழுகை வந்துவிட்டது. அவர் இரண்டு துண்டையும் கண்ணுக்குக் கிட்டே வைத்து வெகுநேரம் பார்த்தார். நெஞ்சைப் பிடித்துக்கொள்வார் என்று பயந்து அருகில் போனேன். அவர் தகரம் அதிரும் அந்தப் பழைய குரலில் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"அட! அப்பப் பந்து அவுட்டுத்தானுங்களா அம்மிணி!"

சிரித்து ஓய்ந்து, துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "அந்தப் புள்ளைகிட்டச் சொல்லிட்டீங்களா? இத்தன வருசமா அவளுக்குத்தான குத்திட்டு இருந்திருக்கும்." அன்று சாயங்காலமே அவளைத் தேடிப்போய்ச் சொன்னேன். கல்யாணமாகி இரண்டு குழந்தைகளோடு இருந்தாள். காந்தத்தை மடியில் வைத்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதாள். முதலாளி அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை, என்னையே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

இப்போது அவர் இல்லை. கம்பெனிகளில் உடுப்புகள் வரிசையாக ஒரு மெஷினுக்குள் போய் வருகின்றன. ஊசி இருந்தால் அது கத்திவிடுகிறது. டென்னிஸிலும் கோட்டை மெஷின் பார்த்துச் சொல்லிவிடுகிறது. யாரும் யாருக்கும் புள்ளியைக் கொடுக்க முடியாது. நல்லதுதான், குறை சொல்லவில்லை. போன வாரம் பேரன் போனில் ஏதோ இறுதி ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தவன், "அந்தக் காலத்துல நீங்க பாத்த சண்டைக்கோழி மேட்ச்ல யாரு அப்பாயி ஜெயிச்சாங்க?" என்று கேட்டான். காந்தத்தைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு யோசித்தேன். ஜெயித்தவர் என் ஆள், அப்போது அவருக்காக எத்தனை வாதாடியிருப்பேன். எவ்வளவு யோசித்தும் அவர் பெயர் ஞாபகத்துக்கு வரவே இல்லை.