காய்ச்சிக் கொடுக்கச் சொன்னவன்

நான் ஒரு தாயிடம் பொய் சொன்னேன். அவள் குழந்தை இறந்தது. பிறகு அவளிடமே இன்னொரு பொய்யும் சொன்னேன். முதல் பொய்யைவிட அது கொடியது.

உடனே என்னைக் கொலைகாரன் என்று எழுதிவிடாதீர்கள். முறைப்படி உங்களால் அதை நிரூபிக்க முடியாது. முறைகள் எனக்குத் தெரியும். முப்பது ஆண்டுகள் அவற்றால்தான் சோறு உண்டேன்.

செங்கல்பட்டில் ஒரு நீர் ஆய்வுக்கூடத்தில் வேதியியலராக இருந்தேன். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கோடை. பாலாற்று மணலில் ஊற்று கீழே போய்விட்டது. நகரத்தின் ஓரத்தில், புதுக்குடியிருப்புகளுக்கு நடுவே, அவசரமாக ஓர் ஆழ்துளைக் கிணறு போட்டுக் குடிநீர்க் குழாயோடு இணைத்தார்கள். சுற்றிலும் கழிப்பறைக் குழிகள். மோட்டாருக்கு மாலை போட்டுத் தொடங்கி வைத்த பிறகே அதன் நீர் மாதிரி எங்களிடம் வந்தது. முதலில் விழா, பிறகு பரிசோதனை... நம் வரிசை அதுதானே!

கழிவுக் குழிகளிலிருந்து நிலத்தடி நீரில் இறங்கும் உப்பு நைட்ரேட். அதன் சோதனையில் நீர் மஞ்சளாகும். மஞ்சள் எவ்வளவு அடர்த்தியோ, நைட்ரேட்டும் அவ்வளவு. அன்று குடுவையில் நான் கண்ட மஞ்சள் கண்ணைப் பறித்தது. அனுமதித்த அளவைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல்! பெரியவர்களை அது உடனே ஒன்றும் செய்யாது. புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தையின் இரத்தமோ மூச்சுக்காற்றைச் சுமக்க முடியாமல் போகும். உதடு நீலம் பாரிக்கும்.

அறிக்கை அனுப்பினால் கிணற்றை மூட வேண்டும். மூடினால் ஊர் காலிக் குடத்தோடு சாலையில் உட்காரும். யார் அந்தக் கெமிஸ்ட் என்று மேலிடத்தில் கேட்பார்கள். என் பதவி உயர்வுக் கோப்பு அப்போது அதே மேலிடத்தில் இருந்தது. யாரும் என்னை மிரட்டவில்லை. மிரட்டியிருந்தால் இன்று சாக்காவது கிடைத்திருக்கும். நானாகவே வழி கண்டுபிடித்தேன்.

மாதிரியைப் பனிக்கட்டியில் வைத்துக் கொண்டுவர வேண்டும் என்பது விதி. எந்த மாதிரியும் அப்படி வந்ததில்லை. அன்று மட்டும் எனக்கு விதி நினைவுக்கு வந்தது. 'பனிக்கட்டியில் வைக்கப்படவில்லை, நிராகரிக்கப்படுகிறது, மறுமாதிரி அனுப்புக' என்று எழுதினேன்.

எங்கள் உதவியாளர் மணி சிரித்தார். "இன்னா சார், ஐஸு இல்லன்னா வாங்க மாட்டீங்களா? இது தண்ணியா, வஞ்சிரமா?"

நானும் சிரித்தேன். மறுமாதிரி மழைக்கு முன்னால் வராது. அவர்கள் வேகம் எனக்குத் தெரியாதா!

இரண்டு வாரம் கழித்துக் கன்னியம்மா வந்தாள். மாமல்லபுரத்தை ஒட்டிய கடலோரக் குப்பம் ஒன்றில் பிறந்து, அந்தப் புதுக்குடியிருப்பில் வாழ்க்கைப்பட்டவள். தோளில் இரண்டு மாத ஆண் குழந்தை.

"சார், எனக்குப் பால் ஊறல. பவுடர் பால்தான் குடுக்கறேன். கொழாத் தண்ணி ஒரு மாதிரியா கீது. இதுல கலக்கலாமா சார்?"

குழந்தையைப் பார்த்தேன். கொட்டாவி விட்டது. எங்கள் அலுவலகத்தில் எல்லாக் கேள்விக்கும் ஒரே பதில் தயாராக இருக்கும். அதை எடுத்துக் கொடுத்தேன்.

"நல்லாக் காய்ச்சி ஆறவெச்சுக் குடும்மா. ஒண்ணும் பண்ணாது."

காய்ச்சினால் கிருமி சாகும். நைட்ரேட் சாகாது! நீர் ஆவியாகப் போகப் போக, மிஞ்சும் நீரில் அது இன்னும் செறியும். பள்ளிக்கூடப் பாடம்... எனக்குத் தெரியாதா? தெரிந்தேதான் சொன்னேன்.

அடுத்த மாதம் அவள் தனியாக வந்தாள்.

"நீங்க சொன்னா மாதிரிதான் சார் காய்ச்சினேன். ஒதடெல்லாம் நீலமாப் பூட்ச்சு. ஆஸ்பத்திரியில இதயத்துல கோளாறுன்னாங்க. தண்ணியால இருக்குமா சார்?"

தண்ணீரால்தானா? அறுதியிட்டுச் சொல்ல முடியாது. சொல்லக்கூடிய ஒரே சான்றை நான்தான் நிராகரித்திருந்தேனே! இந்தக் கேள்வியோடு இவள் வேறு கதவைத் தட்டிவிட்டால்?

"எவ்ளோ நேரம் காய்ச்சினே?"

"பத்து நிமிசம் சார்."

"பத்தாதும்மா. இன்னும் நல்லாக் காய்ச்சியிருக்கணும்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "அப்போ நாந்தான் சார்... நாந்தான் கெடுத்துட்டேனா?"

நான் மறுக்கவில்லை. எதற்கும் கேலி பேசும் மணி, என்னை ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பிக் குடுவைகளைக் கழுவத் தொடங்கினார்.

மழை பெய்தது. மறுமாதிரி வந்தது, நீர்த்துப்போய்த் தேறியது. கையெழுத்திட்டேன். பதவி உயர்வும் வந்தது.

ஓய்வு பெற்ற பின், இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில், திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் செல்லும் பேருந்தில் ஒருநாள் போய்க்கொண்டிருந்தேன்.

"சார், என்னைத் தெரிலயா? கன்னியம்மா!"

தாய் வீட்டோடு வந்துவிட்டாளாம். மடியில் துணி சுற்றிய பெண் குழந்தை. பிறந்து ஒரு மாதம்.

"இதுக்கும் பவுடர்தான் சார். ஆனா இந்தத் தபா ஏமாற மாட்டேன். அரை மணி நேரம் கொதிக்கவுடறேன். ஒரு சொம்பு அரை சொம்பா சுண்டிப்பூடும். 'இன்னாடி, வெறுந்தண்ணியில கொழம்பு வெக்கறியா'ன்னு எங்க அண்ணி கிண்டல் பண்ணுது!" சிரித்தாள்.

"எந்தத் தண்ணி?" என்றேன்.

"வூட்டாண்ட கைபம்பு சார். மணல்ல எறக்கினது, கல்கண்டாட்டம் இருக்கும். பக்கத்துலயே கக்கூஸும் கட்டிக்கீறோம்."

ஒரு சொம்பு அரை சொம்பாகிறது... நஞ்சு இருந்தால் இரட்டிப்பாகும்! 'காய்ச்சாதே, வேறு தண்ணீர் பார்' என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். சொன்னால், அன்றைக்கு ஏன் சார் அப்படிச் சொன்னீங்க என்று கேட்பாள். பேருந்து முழுவதும் திரும்பிப் பார்க்கும்.

நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்? நான் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டேன். குழந்தையின் உதட்டைக்கூடப் பார்க்கவில்லை. பார்க்கத் துணியவில்லை.

அவள் எந்தக் குப்பம் என்று கேட்டதில்லை. அந்தக் கரையில் எத்தனை குப்பங்கள் இருந்துவிடும்? இரண்டு நாள் அலைந்தால் கண்டுபிடித்துவிடலாம். ஆண்டுகள் ஓடுகின்றன, போகவில்லை. அந்தப் பெண் பிழைத்திருந்தால் இப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருப்பாள். பிழைத்திருந்தால்...

பிழைக்கவில்லை என்றால், இந்த முறை எத்தனை நிமிடம் காய்ச்சினாள் என்று கன்னியம்மா என்னிடம் கணக்குச் சொல்வாள். 'நான் எங்க சார் தப்புப் பண்ணேன்?' என்று என்னையே கேட்பாள்.